கணினித் திரையில் காசநோயைத் தேடுகிறவர்கள்



ஞாயிறு ஆராதனை முடிந்து சபை வாசலில் நிற்கிறீர்கள். ஊர்க்காரர் ஒருவர் அருகில் வந்து, "மகள் என்ன வேலை பார்க்கிறாள்?" என்று விசாரிக்கிறார். சாஃப்ட்வேர் என்றால் பேச்சு அத்துடன் முடியும். நர்ஸ் என்றாலும் முடியும். "பயோ இன்ஃபர்மேடிக்ஸ்" என்று சொல்லிப் பாருங்கள். "அது கம்ப்யூட்டர் வேலையா, ஆஸ்பத்திரி வேலையா?" என்ற கேள்வி உடனே வரும். பெற்றோராகிய உங்களுக்கே அதற்கு விடை தெரியாமலிருந்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிழைப்புக்காகப் பெங்களூருக்கு வந்து சேர்ந்த நம் குடும்பங்களில், பிள்ளைகள் படிக்கும் படிப்புக்கும் பெற்றோர் அறிந்த உலகத்துக்கும் நடுவே இப்படிப்பட்ட இடைவெளிகள் அநேகம்.

உயிரித் தகவலியல் என்று தமிழில் வழங்கும் இத்துறை, கணினியின் முன் அமர்ந்து செய்யும் வேலைதான். ஆனால் அந்தத் திரையில் ஓடுவது வங்கிக் கணக்கு அல்ல, ஒரு நோய்க்கிருமியின் உடலை உண்டாக்கும் கட்டளைகள். அவற்றை வாசித்து, எந்த மருந்துக்கு அக்கிருமி அடங்கும், எதற்கு அடங்காது, இதுவரை எவரும் தாக்காத எந்த இடத்தில் அதைத் தாக்கலாம் என்று தேடுகிறவர்கள் நீங்கள் தினமும் பேருந்தில் கடந்துபோகும் மதில்களுக்கு உள்ளேயே இருக்கிறார்கள். அவர்கள் செய்வது என்னவென்று சொல்ல ஒரு நோயை எடுத்துக்கொள்வது நல்லது. காசநோயை எடுத்துக்கொள்கிறேன். ஏனெனில் அது நமக்குத் தூரமான நோயல்ல.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023ஆம் ஆண்டில் மாத்திரம் உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 8 இலட்சம் பேருக்குப் புதிதாகக் காசநோய் கண்டது. 12 இலட்சத்து 50 ஆயிரம் பேர் மரித்தார்கள். நோய் கண்டவர்களில் நூற்றுக்கு 26 பேர் இந்தியர். காற்றுப்புகாத ஒற்றை அறைகளில் ஐந்தாறு பேராய்ப் படுத்து உறங்கும் நகரத் தொழிலாளர் குடியிருப்புகள் இந்தக் கிருமிக்கு மிகவும் வசதியான இடங்கள். கட்டட வேலைக்கும் தையல் ஆலைகளுக்கும் வந்த நம் ஜனங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மகளுக்கு வரன் பார்க்கும் வீட்டில் இந்த நோயின் பெயரை வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள். "மகளுக்கு உடம்பு சரியில்லை, ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

இந்நோய்க்கும் மிஷனெரி ஊழியத்துக்கும் பழைய உறவு உண்டு. மருந்தே இல்லாத காலத்தில், ஆந்திராவின் மதனப்பள்ளி அருகே ஆரோக்கியவரத்தில், பல மிஷன் சங்கங்கள் ஒன்றுகூடி நடத்திய மருத்துவமனை 1915ஆம் ஆண்டு முதல் காசநோயாளிகளை ஏற்றுக்கொண்டது. நல்ல காற்று, நல்ல உணவு, நீண்ட ஓய்வு ஆகிய மூன்றையும் தவிர அன்று கொடுப்பதற்கு வேறொன்றுமில்லை. பின்னர் மருந்துகள் வந்தன. 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருத்துவ ஆராய்ச்சி மையம், சேரிகளில் நெருக்கமாக வாழ்ந்த ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மருத்துவமனையிலும் மறு பிரிவினருக்கு அவர்கள் வீட்டிலேயும் ஒரே மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தது. 1959இல் வெளியான முடிவு உலகத்தையே திருப்பிப் போட்டது. வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குச் சுகமடைந்தார்கள். அவர்களோடு வாழ்ந்த குடும்பத்தாருக்கு அதனால் அதிக ஆபத்தும் நேரவில்லை. இன்று காசநோயாளி ஒருவர் வேலைக்குப் போய்க்கொண்டே மாத்திரை சாப்பிட முடிகிறதென்றால், அதற்குச் சென்னையின் ஏழை நோயாளிகள் காரணம். பெங்களூரின் தேசிய காசநோய் நிறுவனமும் அதே 1959இல் உருவானதுதான்.

ஆனால் வீட்டிலிருந்து சாப்பிடும் மருந்தை வீட்டிலிருந்தே நிறுத்திவிடவும் முடியும். இங்கேதான் நம்முடைய கதை ஆரம்பமாகிறது.

ஓர் எழுத்து மாறினால்

காசநோய்க்கு ஏன் ஒரே சமயத்தில் நான்கு மருந்துகள், அதுவும் ஆறு மாதம் என்று நீங்கள் யோசித்ததுண்டா? நுரையீரலில் புண்ணாகிக் குழிந்த ஓரிடத்தில் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கும். அவை பெருகும்போது தங்கள் கட்டளைகளைப் பிரதி எடுக்கின்றன. பிரதி எடுப்பதில் எப்போதாவது ஒரு பிழை நேர்கிறது. ஐசோனியாசிட் என்னும் மருந்துக்கு அடங்காத கிருமி, சுமார் பத்து இலட்சத்தில் ஒன்றாக இப்படித் தானாகவே தோன்றிவிடும். ரிஃபாம்பிசினுக்கு அடங்காதது சுமார் பத்துக் கோடியில் ஒன்று. இரண்டுக்கும் ஒருசேர அடங்காத கிருமி தோன்றுவது மிக மிக அரிது. ஆகவே மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் ஒன்றுக்குத் தப்பியது மற்றொன்றில் சாகும்.

இரண்டாம் மாதத்தில் இருமல் நிற்கிறது, எடை கூடுகிறது. "சுகமாகிவிட்டது" என்று மாத்திரையை நிறுத்தினவர்கள் நம் சபைகளிலும் உண்டு. சாட்சி சொன்ன பிறகு மாத்திரை சாப்பிட்டால் விசுவாசக் குறைவாகுமோ என்று கூச்சப்பட்டவர்களையும் நான் அறிவேன். அவர்களை நான் குற்றப்படுத்தவில்லை. நோய் தணிந்ததும் உண்மை, கிருமி மீந்திருந்ததும் உண்மை. விட்டுவிட்டுச் சாப்பிடும் மருந்து, அடங்கும் கிருமிகளைக் கொன்று அடங்காதவற்றுக்கு இடம் ஒழித்துக் கொடுக்கிறது. சில மாதங்களில் இருமல் திரும்பும். இம்முறை பழைய மாத்திரை வேலை செய்யாது. வேலை செய்யாத மாத்திரையை அறியாமல் விழுங்கிக்கொண்டே அவர் வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் அதே கிருமியைக் கொடுத்துக்கொண்டிருப்பார்.

அடங்காத கிருமியா என்று எப்படி அறிவது? பழைய முறை, சளியிலிருந்து கிருமியை வளர்த்து, மருந்தை இட்டுப் பார்ப்பது. மனிதக் குடலில் வாழும் சில பாக்டீரியாக்கள் இருபது நிமிடத்தில் இரட்டிக்கும். காசநோய்க் கிருமி ஒருமுறை இரட்டிக்க ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். எனவே முடிவு வர வாரக்கணக்காகும்.

கணினி இங்கேதான் உள்ளே வருகிறது. காசநோய்க் கிருமியின் கட்டளைகள் எல்லாம் ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துகளால் ஆனவை. 1998ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், இங்கிலாந்து மற்றும் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானிகள் அக்கிருமியின் முழு எழுத்துவரிசையையும் வெளியிட்டார்கள். மொத்தம் 44 இலட்சத்து 11 ஆயிரத்து 529 எழுத்துகள், சுமார் 4,000 மரபணுக்கள். அவர்கள் வாசித்த கிருமி, 1905இல் அமெரிக்காவில் ஒரு நோயாளியிடமிருந்து எடுக்கப்பட்டு ஆய்வகங்களில் தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டு வந்தது. இன்றும் உலகமெங்கும் அந்த வரிசையே மூலப்பிரதி. புதிய நோயாளியின் கிருமியை அதனோடுதான் ஒப்பிடுகிறார்கள்.

ஒப்பிடுவது எப்படி? இயந்திரம் 44 இலட்சம் எழுத்துகளையும் ஒரே ஓட்டமாக வாசித்துக் கொடுப்பதில்லை. வழக்கமான இயந்திரம் நூறு, நூற்றைம்பது எழுத்துள்ள துண்டுகளாகவே கொடுக்கும். நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்த இதழின் நூறு பிரதிகளைச் சுக்குநூறாகக் கிழித்து ஒரே சாக்கில் போட்டுக் குலுக்கியதாக நினைத்துக்கொள்ளுங்கள். கிழியாத ஒரு பிரதி மாத்திரம் மேசைமேல் இருக்கிறது. ஒவ்வொரு துண்டும் அதன் எந்தப் பக்கத்தில், எந்த வரியில் பொருந்துகிறது என்று பார்த்து அடுக்க வேண்டும். அடுக்கிய பின், எங்கே எழுத்து வேறுபடுகிறது என்று பார்க்க வேண்டும். ஒரே ஒரு துண்டில் மாத்திரம் வேறுபாடு இருந்தால் அது வாசித்த இயந்திரத்தின் பிழையாக இருக்கலாம். ஐம்பது துண்டுகள் ஒரே இடத்தில் ஒரே மாதிரி வேறுபட்டால் நம்பலாம். இதழில் ஒரே விளம்பரம் பத்துப் பக்கங்களில் வந்திருந்தால் துண்டு எந்தப் பக்கத்தது என்று தெரியாதல்லவா? அதுபோல இக்கிருமியின் எழுத்துவரிசையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு, ஒன்றைப்போல் ஒன்றாகத் திரும்பத் திரும்ப வரும் குடும்பங்கள். அவ்விடங்களில் அனுபவமுள்ளவர்கள் மிக எச்சரிக்கையாக நடப்பார்கள்; அல்லது அவற்றை ஒதுக்கியே வைப்பார்கள். நிரல் எழுதத் தெரிந்தால் மாத்திரம் போதாது, கிருமியையும் அறிந்திருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

ஐசோனியாசிட் மருந்து உடலுக்குள் போகும்போது செயலற்ற பொருளாகவே போகிறது. கிருமியின் சொந்த நொதி ஒன்றுதான் அதை நஞ்சாக மாற்றுகிறது. தன் கையாலேயே தனக்கு விஷம் கலக்கிறது கிருமி! அந்த நொதிக்குரிய மரபணுவின் பெயர் கேட்ஜி. அதன் 315ஆம் இடத்தில் இருக்க வேண்டிய மூன்று எழுத்து ஏ-ஜி-சி. நடுவிலுள்ள ஜி மாறி ஏ-சி-சி ஆகிவிட்டால் நொதி மருந்தைச் சரிவர மாற்றுவதில்லை, மாத்திரை வீணாகிறது. ரிஃபாம்பிசினுக்கு ஆர்போபி என்னும் மரபணு. அதில் 450ஆம் இடத்தில் டி-சி-ஜி என்பது டி-டி-ஜி ஆனால் மருந்து ஒட்ட வேண்டிய இடத்தில் ஒட்டாது. நாற்பத்துநான்கு இலட்சம் எழுத்துகளில் ஒன்று. ஒரு குடும்பத் தலைவன் ஆறு மாதத்தில் சுகமடைவானா, மாட்டானா என்பது அந்த ஒன்றில் தொங்குகிறது.

இப்படிப்பட்ட மாற்றங்களில் எவை மெய்யாகவே மருந்தை முறியடிக்கின்றன, எவை தீங்கற்றவை என்று பிரிப்பது தனியொரு பெரும் பணி. 2021இல் உலக சுகாதார நிறுவனம் 38,000க்கும் மேற்பட்ட கிருமி மாதிரிகளை ஆராய்ந்து முதல் அட்டவணையை வெளியிட்டது. 2023இல் வந்த இரண்டாம் பதிப்பு 52,000க்கும் மேற்பட்ட மாதிரிகளின்மேல் கட்டப்பட்டது. நுண்ணோக்கியில் ஒருபோதும் கண் வைக்காதவர்கள் பலர் அதன்பின் உழைத்திருக்கிறார்கள்.

இந்த அறிவு சாமானியரிடம் வந்து சேர்ந்த விதம் நம் நகரத்தோடு சம்பந்தப்பட்டது. பெங்களூரின் பிக்டெக் ஆய்வகமும் கோவாவின் மோல்பயோ நிறுவனமும் உருவாக்கிய ட்ரூநாட் என்னும் சிறு கருவி, மின்கலத்திலும் இயங்கக்கூடியது. சளியில் காசநோய்க் கிருமி உண்டா, இருந்தால் ரிஃபாம்பிசினுக்கு அடங்குமா என்று இரண்டொரு மணி நேரத்தில் சொல்லிவிடும். 2020இல் உலக சுகாதார நிறுவனமும் அதை ஏற்றுக்கொண்டது. அரசு மையங்களில் காசநோய்ப் பரிசோதனைக்கும் மருந்துக்கும் கட்டணம் இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவில் வியர்வை, காரணமின்றி எடை குறைதல் இவற்றில் ஏதேனும் உங்கள் வீட்டில் இருந்தால் சளியைக் கொடுத்துப் பாருங்கள். எந்த மருந்துக்கு எதிர்ப்பு இருக்கிறதென்று பரிசோதித்தார்களா என்றும் மருத்துவரிடம் கேளுங்கள். அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவல்ல.

டாட்டா இன்ஸ்டிட்யூட்டின் மதிலுக்குள்

இந்திய அறிவியல் கழகம் என்றால் பெங்களூர் ஆட்டோக்காரர் சிலருக்குப் புரியாது. டாட்டா இன்ஸ்டிட்யூட் என்றால் யஷ்வந்தபுரத்துக்கும் மல்லேஸ்வரத்துக்கும் அருகே மரங்கள் அடர்ந்த அந்த வளாகத்தில் கொண்டுபோய் விடுவார். 1909ஆம் ஆண்டிலிருந்து அங்கிருக்கிறது.

அங்கே உயிரையும் கணக்கையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் மரபுக்கு வேரூன்றியவர்களில் முக்கியமானவர் சென்னையிலிருந்து வந்தார். ஜி. என். ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தபோது, தோலுக்கும் எலும்புக்கும் உறுதி தரும் கொலாஜன் புரதம் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது என்று 1954இல் காட்டினார். 1963இல் சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து, புரதச் சங்கிலி எவ்வெவ்விதங்களில் மடங்க முடியும், எவ்விதங்களில் மடங்கவே முடியாது என்பதை ஒரே வரைபடத்தில் அடக்கினார். கணிப்பொறி எளிதில் கிடைக்காத காலம் அது. "ராமச்சந்திரன் வரைபடம்" இல்லாமல் இன்றைக்கும் உலகின் எந்தப் புரத வடிவமும் சரிபார்க்கப்படுவதில்லை. பெங்களூருக்கு வந்து அவர் 1971இல் தொடங்கிய மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவு, பிற்காலத்தில் வந்த பலருக்குத் தாய்வீடாயிற்று.

அந்த வளாகத்தில் உருவானவர்களில் ஒருவர் பேராசிரியர் நாகசுமா சந்திரா. அவருடைய ஆரம்பகாலப் பணி கணினியில் மாத்திரம் நின்றதல்ல; புரதங்களைப் படிகமாக்கி எக்ஸ் கதிரால் அவற்றின் வடிவத்தைக் காண்பது. எம். விஜயன் முதலானோருடன் சேர்ந்து அவர் 1999இல் வெளியிட்ட ஒரு கட்டுரை, நம் சமையலறைப் பூண்டிலுள்ள ஒரு புரதத்தின் வடிவத்தைப் பற்றியது. பூண்டிலிருந்து காசநோய்க்கு எப்படி வந்தார் என்று கேட்பீர்கள். 1998இல் அந்த 44 இலட்சம் எழுத்துகளும் எல்லாருக்கும் இலவசமாகத் திறந்து வைக்கப்பட்டன. ஒரு புரதத்தைப் பல ஆண்டுகள் பிடித்து வைத்துப் பார்த்த கண்கள், நாலாயிரத்தையும் ஒன்றாகப் பார்க்கும் வாய்ப்பைப் பெற்றன. உலகெங்கும் பலருடைய வாழ்க்கை அப்படித்தான் திரும்பியது.

அவரிடம் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்த மாணவர் கார்த்திக் ராமன். இருவரும் பிரீத்தி ராஜகோபாலனுடன் சேர்ந்து 2005இல் செய்த வேலையைச் சற்று விளக்கினால் இத்துறை உங்களுக்குப் பிடிபடும். காசநோய்க் கிருமிக்கு மெழுகு போன்ற கனத்த மேலுறை உண்டு. மருந்துகள் உள்ளே நுழையத் தடையாக நிற்பது அதுவே. மைக்கோலிக் அமிலம் என்னும் நீண்ட கொழுப்பு அதன் முக்கியப் பொருள். அதைத் தயாரிக்கும் முழுத் தொழிற்சாலையையும் அவர்கள் கணினிக்குள் கட்டினார்கள். 197 பொருள்கள், 219 வேதிவினைகள், அவற்றை நடத்தும் 28 புரதங்கள். பிறகு ஒவ்வொரு புரதமாக எடுத்துவிட்டுத் தொழிற்சாலை நிற்கிறதா, ஓடுகிறதா என்று பார்த்தார்கள். ஆய்வகத்தில் ஒரு மரபணுவை நீக்கிக் கிருமியை வளர்த்துப் பார்க்க மாதங்கள் ஆகும். கணினியில் ஒரு மாலைப்பொழுது போதும். கணினி சொல்வதெல்லாம் மெய்யாகிவிடாதுதான். ஆனால் நூறு கதவுகளில் முதலில் தட்ட வேண்டிய ஐந்தை அது காட்டும்.

மூன்று ஆண்டுகளுக்குப் பின் 2008இல், யெட்டூரு காளிதாஸும் சேர்ந்து, அவர்கள் நாலாயிரம் புரதங்களையும் ஒரே சல்லடையில் இட்டார்கள். இது இல்லாமல் கிருமி பிழைக்குமா? பிழைக்குமானால் தள்ளு. இதைப் போன்றது மனித உடலில் உண்டா? உண்டென்றால் மருந்து நோயாளியையும் தாக்கும், தள்ளு. குடலில் வாழும் நன்மை செய்யும் நுண்ணுயிர்களில் உண்டா? அப்படியானால் அவற்றையும் கெடுக்கும், தள்ளு. வரிசை வேறாயிருந்தும், மருந்து ஒட்டும் குழியின் வடிவம் மனிதப் புரதமொன்றின் குழியை ஒத்திருக்கிறதா? அதையும் தள்ளு. கடைசியில் சல்லடையில் தங்கியவை 451.

"இத்தனைக்கும் பிறகு மருந்து வந்ததா?" என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. நேர்மையாகச் சொன்னால், இலக்கு கிடைத்தவுடன் மருந்து கிடைத்துவிடுவதில்லை. ரிஃபாம்பிசின் 1960களில் வந்தது. அதன்பின் முற்றிலும் புதிய வகையான பெடாகுவிலின் அமெரிக்காவில் அனுமதி பெற்றது 2012 டிசம்பரில். நடுவே நாற்பது ஆண்டுகளுக்கும் மேல். அந்தப் புதிய மருந்தை உட்கொண்ட ஆறு மாதச் சிகிச்சை முறையை, பல மருந்துகளுக்கு அடங்காத காசநோய்க்கு இந்திய அரசு ஏற்றது 2024இல்தான். அதற்கு முன் அந்நோயாளிகள் பலர் ஒன்றரை ஆண்டுக்கு மேலாகவும் மருந்து உண்ண வேண்டியிருந்தது. இலக்கைத் தேடுகிறவர்களின் பெயர் மருந்துப் பெட்டியின்மேல் ஒருபோதும் அச்சாகாது. அது தெரிந்தே இந்த வேலைக்கு வருகிறார்கள்.

நாகசுமா சந்திராவின் குழு பின்னர் கிருமியை விட்டு நோயாளியின் பக்கமும் திரும்பியது. நோயுற்றவரின் இரத்த அணுக்களில் எந்த மரபணுக்கள் கூடுதலாக வேலை செய்கின்றன என்று பார்த்து, பத்தே மரபணுக்களின் நிலையைக் கொண்டு காசநோயை அடையாளங்காண முடியும் என்று 2017இல் வெளியிட்டார்கள். சளி வராத நோயாளிகளும், சளி எடுக்க முடியாத குழந்தைகளும் இருக்கிறார்கள் என்பதை நினைத்தால் இரத்தத்தில் தேடுவதன் அவசியம் விளங்கும்.

கார்த்திக் ராமன் சுவிட்சர்லாந்தின் சூரிச் பல்கலைக்கழகத்தில் சில ஆண்டுகள் ஆராய்ச்சி செய்துவிட்டு, 2011இல் சென்னை ஐ.ஐ.டி.யில் ஆசிரியரானார். அவர் குழு, நாசாவில் பணியாற்றிய கஸ்தூரி வெங்கடேஸ்வரனோடு சேர்ந்து 2022இல் வெளியிட்ட ஆய்வு, சர்வதேச விண்வெளி நிலையத்தின் பரப்புகளில் வாழும் நுண்ணுயிர்கள் ஒன்றுக்கொன்று எப்படி உதவுகின்றன, எப்படித் தடுக்கின்றன என்பதைப் பற்றியது. நிமோனியாவை உண்டாக்கக்கூடிய ஒரு கிருமி அங்கே ஒரு பூஞ்சையை வளரவிடாமல் தடுக்கும் என்று கணக்கு சொன்னது. ஆய்வகத்தில் பார்த்தபோதும் அப்படியே இருந்தது. மெழுகு உறையின் தொழிற்சாலையைக் கட்டிய அதே வகைக் கணக்குதான் இதற்கும் அடிப்படை.

மலேரியாவிலும் ஓர் உதாரணம் சொல்லாமல் விட மனமில்லை. மலேரியா ஒட்டுண்ணியின் முழு எழுத்துவரிசை 2002இல் வெளியானபோது ஒரு புதிர் எழுந்தது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மரபணுக்கள் இருந்தும், அவற்றை ஏவுகிற, நிறுத்துகிற புரதங்கள் மிகச் சிலவே கண்ணில் பட்டன. வேலைக்காரர் ஐயாயிரம் பேர் இருக்கிறார்கள், மேஸ்திரிகளைக் காணோம்! 2005இல் எஸ். பாலாஜி, சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் படித்த மதன் பாபு, லட்சுமிநாராயண் ஐயர், எல். அரவிந்த் ஆகிய நால்வர், கணினியில் வரிசைகளை ஒப்பிட்டே அந்த மேஸ்திரிகளைக் கண்டுபிடித்தார்கள். செடிகளில் காணப்படும் ஒரு புரத வகையின் தூரத்து உறவினராய் அவை மறைந்திருந்தன. அவற்றில் ஒன்று இல்லாவிட்டால் ஒட்டுண்ணியால் கொசுவுக்குள் போகும் பருவத்தை அடையவே முடியாது என்று 2014இல் வேறு ஆய்வகங்கள் நிரூபித்தன.

கொரோனா காலத்தை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். 2020 டிசம்பரில் இந்திய அரசு பத்து ஆய்வகங்களை இணைத்து, வைரசின் மாற்றங்களைக் கண்காணிக்கும் கூட்டமைப்பை ஏற்படுத்தியபோது நிம்ஹான்ஸ் உட்படப் பெங்களூரின் நிறுவனங்களும் அதில் இருந்தன. இந்தியாவின் முதல் ஓமிக்ரான் நோயாளிகள் 2021 டிசம்பர் 2ஆம் தேதி அறிவிக்கப்பட்டது இந்த நகரிலிருந்துதான். அந்த வைரசின் எழுத்துகள் சுமார் 30,000 மாத்திரம். காசநோய்க் கிருமியோடு ஒப்பிட்டால் அது ஒரு துண்டுப் பிரசுரம்.

உங்கள் பிள்ளை கேட்டால்

பதினோராம் வகுப்பில் சேரும்போதே நம் வீடுகளில் ஒரு பிரிவினை நடந்துவிடுகிறது. டாக்டர் கனவு உள்ளவர்கள் உயிரியல் பக்கம். மற்றவர்கள் கணினி பக்கம். இத்துறைக்கு இரண்டும் வேண்டும். உயிரியலும் கணிதமும் சேர்ந்த பிரிவில் படித்த பிள்ளை நிரல் எழுதப் பின்னாலும் கற்றுக்கொள்ளலாம். பொறியியல் படித்த பிள்ளை உயிரியலைப் பின்னால் கற்பதும் நடக்கிறது. கார்த்திக் ராமனின் வகுப்புகளில் இரு திசையிலிருந்தும் வந்தவர்கள் இருப்பார்கள். நுண்ணுயிரியலிலோ உயிர்வேதியியலிலோ இளநிலைப் பட்டம் பெற்றுவிட்டு, "இனி என்ன, பள்ளிக்கூட ஆசிரியை வேலைதானா?" என்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் பெண்பிள்ளைகளை நினைத்தே இதை எழுதுகிறேன். மதுரை காமராசர் பல்கலைக்கழகம் இந்தப் படிப்பை நாட்டில் முன்கூட்டியே தொடங்கியவற்றில் ஒன்று. பெங்களூரில் எலக்ட்ரானிக் சிட்டியிலுள்ள ஐபாப் நிறுவனமும் இதற்கென்றே ஏற்பட்டது. முதுநிலைக்குப் பின் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வோ உயிரித் தொழில்நுட்பத் துறையின் தேர்வோ எழுதி வென்றால் ஆராய்ச்சிக்கு உதவித்தொகை உண்டு. தனியார் பக்கமும் கதவு இருக்கிறது: அறிவியல் கழகத்தின் பேராசிரியர்கள் 2000இல் தொடங்கிய ஸ்ட்ராண்ட், அதன்பின் வந்த மெட்ஜீனோம் போன்ற நிறுவனங்கள் நோயாளிகளின் மரபணு அறிக்கைகளைத் தயாரிக்க இப்படிப்பட்டவர்களையே அமர்த்துகின்றன.

பணத்தைப் பற்றியும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். 2023 ஜனவரி முதல் ஆராய்ச்சி மாணவருக்கு முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும், அதன்பின் 42,000 ரூபாயும் உதவித்தொகை. வீட்டு வாடகைப்படி தனி. முனைவர் பட்டத்துக்கு ஐந்து, ஆறு ஆண்டுகள் ஆகலாம். அதன்பிறகும் வெளிநாட்டில் இரண்டு, மூன்று ஆண்டுகள். எதிர்வீட்டுப் பையன் அதற்குள் மென்பொருள் நிறுவனத்தில் இரண்டு பதவி உயர்வு பெற்று, ஹொரமாவிலே ஃபிளாட்டும் வாங்கியிருப்பான். உதவித்தொகை சில மாதம் தாமதமாக வருவதும் உண்டு. அந்த மாதங்களில் மெஸ் கட்டணத்துக்கு வீட்டிலிருந்துதான் பணம் போக வேண்டியிருக்கும். வட்டிக்கு வாங்கிப் படிக்க வைத்தவர்கள், கடனை அடைக்கும் பொறுப்பு மூத்த பிள்ளையின்மேல் இருக்கும் குடும்பத்தார், இதைக் கணக்கிட்டுவிட்டே சம்மதம் சொல்லுங்கள். அவளிடமும் உட்கார்ந்து பேசுங்கள். இருபத்தெட்டு வயதிலும் "இன்னும் படிக்கிறாள்" என்று உறவினர் பேசுவார்கள், கல்யாணப் பேச்சும் நடுவில் வரும். அதற்கு என்ன பதில் சொல்வது என்று இருவருமாக இப்போதே தீர்மானித்து வைத்துக்கொள்வது நல்லது.